மிச்சத்தில் பிறந்த ருசி

ரோம் நகரின் தென்பகுதியில், டைபர் ஆற்றிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு குன்று இருக்கிறது. உயரம் சுமார் 35 மீட்டர். சுற்றிவந்தால் ஒரு கிலோமீட்டர் தூரம். மேலே புல்லும் மரமும் மண்டிக்கிடப்பதால் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் இந்தக் குன்றில் பாறை கிடையாது. அடி முதல் முடி வரை உடைந்த மண்ஜாடிகளின் ஓடுகள்தான். அடிவாரத்தைக் குடைந்து கட்டிய சில உணவகங்களில் பின்சுவருக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டே அந்த ஓடுகளின் அடுக்கைப் பார்க்கலாம்.

கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் ரோமுக்கு ஆலிவ் எண்ணெய் பெரும்பாலும் தென் ஸ்பெயினிலிருந்தும் கொஞ்சம் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்தது. ஒரு ஜாடியில் ஏறத்தாழ 70 லிட்டர் பிடிக்கும். வெறும் ஜாடியின் எடை மட்டும் 30 கிலோ. எண்ணெய் ஊறிய மண்ஜாடியில் சிக்கு வாடை ஏறிவிடும், கழுவினாலும் போகாது. அதனால் எண்ணெயை இறக்கியதும் ஜாடியை உடைத்து இங்கே கொண்டுவந்து வரிசையாக அடுக்கினார்கள். வாடை அடங்குவதற்காக மேலே சுண்ணாம்பு தூவினார்கள். இப்படிச் சேர்ந்த ஜாடிகள் 5 கோடிக்கும் மேல் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. பல ஓடுகளில் எடை, வணிகர் பெயர், அனுப்பிய ஆண்டு எல்லாம் மையில் எழுதியது இன்னும் அழியாமல் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு முதல் ஹைன்ரிஹ் டிரெசெல் என்ற ஜெர்மானிய அறிஞர் அவற்றைப் படித்துப் பதிவுசெய்ய ஆரம்பித்தார். குன்றின் பெயர் மோன்தே தெஸ்தாச்சோ. அதைச் சுற்றியிருக்கும் பேட்டைக்கும் தெஸ்தாச்சோ என்றே பெயர்.

எங்கள் சாப்பாட்டு நடை அங்கேதான் தொடங்கியது.

ஐரோப்பாவின் பழைய நகரங்களில் இப்போது ‘ஃபுட் வாக்’ என்பது நன்றாக ஊன்றிவிட்டது. உள்ளூர்க்காரர் ஒருவர் பத்துப் பன்னிரண்டு பேரை மூன்று நான்கு மணி நேரம் தெருத்தெருவாக நடத்திக்கொண்டு போவார். ஆறேழு இடங்களில் நிறுத்தி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சாப்பிட வைத்து, அந்த உணவு அந்தத் தெருவுக்கு எப்படி வந்தது என்று சொல்வார். மகள் ரோமில் மேல்படிப்பு படிக்கிறாள். மதுரையில் மெஸ் நடத்தும் அப்பாவுக்கு இதைவிட நல்ல சுற்றுலா இருக்க முடியாது என்று அவளே பதிவு செய்திருந்தாள். எங்கள் வழிகாட்டி தெஸ்தாச்சோவிலேயே பிறந்து வளர்ந்த பெண். அவருடைய தாத்தா இங்கிருந்த இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவராம்.

சந்தைக்குள்

முதல் நிறுத்தம் தெஸ்தாச்சோ சந்தை. பழைய சதுக்கத்தில் இருந்த சந்தையை 2012இல் இந்தப் புதிய கட்டடத்துக்கு மாற்றினார்கள். அஸ்திவாரம் தோண்டியபோது கீழே ரோமானியக் காலத்துக் கிடங்குகள் வெளிப்பட்டன. மேலே காய்கறி விற்கிறார்கள், கீழே தொல்லியல் களம் இருக்கிறது.

நாங்கள் போனது மார்ச் மாதம். கடைக்குக் கடை ஆர்ட்டிசோக் குவிந்திருந்தது. தாமரை மொட்டளவு பருமனில், பச்சையும் ஊதாவும் கலந்த பூமொட்டு. ஒரு கடையில் நடுத்தர வயதுப் பெண்மணி, நுனி வளைந்த சிறு கத்தியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு மொட்டை மட்டும் சுழற்றிக்கொண்டிருந்தார். முற்றிய இதழ்கள் சுருள் சுருளாக விழ, உள்ளிருக்கும் இளம்பகுதி மட்டும் கையில் நின்றது. அதை உடனே எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போட்டார், இல்லையென்றால் கறுத்துவிடும். பக்கத்துக் கடையில் புந்தரெல்லே என்ற கசப்புக்கீரையின் தண்டு. மரச்சட்டத்தில் கம்பி வலை பின்னிய ஒரு கருவியின் மேல் தண்டை வைத்து அழுத்தினால் மெல்லிய கீற்றுகளாகக் கீழே விழுகிறது. குளிர்ந்த தண்ணீரில் போட்டதும் கீற்றுகள் சுருண்டுகொள்கின்றன, கசப்பும் குறைகிறது. பூண்டு, நெத்திலிக் கருவாட்டுக்கு நெருக்கமான உப்பிட்ட ஆஞ்சோவி மீன், ஆலிவ் எண்ணெய், வினிகர் நான்கையும் இடித்துக் கலந்து சாப்பிடுகிறார்கள்.

அங்கேயே சூடாக ஒரு சுப்ளி தந்தார்கள். தக்காளிக் குழம்பில் வெந்த அரிசிச் சோற்றை நடுவில் மொசரெல்லா வைத்து உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. பிட்டால் உள்ளே உருகிய பாலாடைக்கட்டி கம்பியாக நீள்கிறது. முன்பெல்லாம் குழம்பில் கோழியின் ஈரலும் சேர்ப்பார்களாம். இன்றும் சில கடைகளில் இறைச்சி உண்டு. சைவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

ஐந்தாவது கால்பாகம்

சந்தைக்கு எதிரே ஒரு பெரிய வளாகம். வாயிலின் உச்சியில் சிறகு முளைத்த மனிதன் ஒருவன் காளையை அடக்கும் சிற்பம். 1888க்கும் 1891க்கும் இடையில் ஜொவாக்கினோ எர்சோக் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய நகராட்சி இறைச்சிக்கூடம் இது. 1975 வரை ரோமுக்கு வேண்டிய கறி இங்கிருந்துதான் போனது. இப்போது கலைக்கூடமும் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையும் இதற்குள் இயங்குகின்றன. கொட்டகைகளின் கூரையில் இரும்புத் தண்டவாளங்களும் கொக்கிகளும் அப்படியே தொங்குகின்றன. இறைச்சிக்கூடத்தைக் கலைக்கூடமாக்கியவர்கள் அவற்றைக் கழற்றவில்லை.

வழிகாட்டி இந்த வாசலில் நின்றுதான் ரோமானியச் சமையலின் சூத்திரத்தைச் சொன்னார். அறுத்த மாட்டை முன்னங்கால், பின்னங்கால் பகுதிகளாக நான்காகப் பிளப்பார்கள். அந்த நான்கும் காசுள்ளவர்கள் வீட்டுக்கும் மடங்களுக்கும் படைக்கும் போகும். மிஞ்சுவது தலை, வால், கால், குடல், ஈரல், நுரையீரல், இதயம், சிறுநீரகம். எடையில் அதுவும் ஏறக்குறைய ஒரு கால்பாகம் தேறும் என்பதால் இதற்கு ‘ஐந்தாவது கால்பாகம்’ என்று பெயர். தொழிலாளிகளுக்குக் கூலியில் ஒரு பகுதியாக இதைத்தான் கொடுத்தார்கள். அவர்கள் அதை எதிரே இருந்த சாராயக்கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, அங்கே அடுப்படியில் இருந்த பெண்கள் அதற்கு வழி கண்டுபிடித்தார்கள்.

அந்த வழிகள்தான் இன்று ரோமின் பெருமை. மாட்டு வால் குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளியில் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகச் சிறுதீயில் வேகும். அளவுக்கு மிஞ்சி என்று நமக்குத் தோன்றும் அளவுக்குச் செலரி போடுகிறார்கள். பழைய முறைக்காரர்கள் கடைசியில் பைன் விதை, உலர்திராட்சை, துளி கசப்பு கொக்கோ சேர்ப்பார்கள். எலும்பு முள்ளில் ஒட்டிய ஜவ்வு கரைந்து குழம்பே பசைபோல ஆகிவிடுகிறது. கையால் எடுத்து உறிஞ்சித்தான் சாப்பிட வேண்டும். பெரிய உணவகத்திலும் யாரும் தவறாக நினைப்பதில்லை.

இன்னொன்று ‘பயாத்தா’. தாய்ப்பால் மட்டும் குடித்த கன்றின் சிறுகுடலை உள்ளிருக்கும் பாலோடு சமைப்பது. வேகும்போது பால் திரண்டு பாலாடைக்கட்டி மாதிரி ஆகிவிடும். பைத்தியமாட்டு நோய் பரவிய சமயத்தில், 2001இல், ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தடைசெய்தது. 2015இல்தான் தடை விலகியது. நடுவில் இருந்த வருடங்களில் ஆட்டுக்குட்டியின் குடலை வைத்து அந்த உணவைக் காப்பாற்றினார்கள்.

அடுத்த நிறுத்தத்தில் வந்தது குடல். முக்கோண ரொட்டிப் பைக்குள் குழம்பை நிரப்பித் தரும் ‘ட்ரப்பிசீனோ’, 2008இல் ஸ்தெஃபானோ கல்லெகாரி என்ற பிட்சாக்காரர் இதே பேட்டையில் கண்டுபிடித்த பண்டம். பழைய வீட்டுக் குழம்புகளை இளைஞர்கள் தெருவில் நின்று சாப்பிட வைத்தது இதுதான். மகள் ஒரு வாய் கடித்ததுமே என்னைப் பார்த்தாள்.

“அப்பா, இது நம்ம குடல் குழம்புதானே?”

கிட்டத்தட்ட அதேதான். நாங்கள் மஞ்சளும் கல்லுப்பும் போட்டுப் பலமுறை வெந்நீரில் அலசி வாடையை எடுப்போம். அங்கே வெளுத்துச் சுத்தம் செய்த குடல் கடைக்கே வந்துவிடுகிறது. தக்காளியில் வெந்தபின் மேலே காட்டுப் புதினாவும், உப்புக் கரிக்கும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டித் துருவலும் போடுகிறார்கள். புதினா செய்யும் வேலை ஒன்றுதான்: குடலின் கனத்தைக் குறைத்து, அடுத்த வாய்க்குக் கூப்பிடுகிறது. ரோமில் வியாழனுக்கு ‘ஞோக்கி’ என்னும் உருளைக்கிழங்கு உருண்டை, வெள்ளிக்கு மீன், சனிக்குக் குடல் என்று ஒரு கிழமைக் கணக்கு உண்டு. இன்னமும் பல உணவகங்கள் அதை விடவில்லை.

மிளகின் வழி

மதியச் சாப்பாட்டுக்குக் குன்றின் அடிவாரத்திலேயே உட்கார்ந்தோம். ‘காச்சோ எ பெப்பே’ வந்தது. பாஸ்தா, பெக்கொரினோ ரொமானோ என்ற ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர். இவ்வளவுதான் சேர்மானம். வெண்ணெய் இல்லை, பாலேடு இல்லை, எண்ணெயும் இல்லை. ஆனாலும் தட்டில் வழுவழுவென்று ஒரு சாறு பாஸ்தாவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சமையலறைக்குள் எட்டிப்பார்க்க அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். ஒன்றிரண்டாக இடித்த மிளகை வெறும் சட்டியில் வறுக்கிறார்கள். வாசம் கிளம்பியதும் ஒரு கரண்டி பாஸ்தாத் தண்ணீர். அரைவேக்காட்டில் எடுத்த பாஸ்தாவை அதில் போட்டுப் பிரட்டி, வேக்காட்டை அங்கேயே முடிக்கிறார்கள். பிறகு சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். இதுதான் முக்கியம். சூடு சற்றுத் தணிந்த பின்னரே மாவுபோலத் துருவிய பெக்கொரினோவைக் கொட்டி, மணிக்கட்டைச் சுழற்றிச் சுழற்றித் தூக்கிப்போடுகிறார்கள். சூடு அதிகமாக இருந்தால் பாலாடைக்கட்டியின் புரதம் திரிந்து கட்டிகட்டியாகிவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்துதான் அதைத் திரியவிடாமல் பிடித்துவைக்கிறது. இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதை ஆராய்ந்து, பாலாடைக்கட்டியின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் சாறு உடையாது என்று 2025இல் கட்டுரையே வெளியிட்டார்கள். அதே ஆண்டு அவர்களுக்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. அந்தச் சமையல்காரர் எதையும் எடைபோடவில்லை. தண்ணீர் கலங்கியிருக்கும் நிறத்தைப் பார்த்தே அளவு சொல்கிறார்.

ஆடு மேய்க்கப் போகிறவர்கள் கெட்டுப்போகாத பொருள்களாகக் காய்ந்த பாஸ்தா, முதிர்ந்த பாலாடைக்கட்டி, மிளகு மூன்றையும் பையில் எடுத்துப்போய்ச் சமைத்தது இது என்று சொல்வார்கள். மேய்ப்பன் பையில் மிளகு வந்து சேர்ந்தது நெடிய பயணம். ரோமில் அது ஒருகாலத்தில் பேரரசர் கிடங்கில் இருந்த பொருள். முதல் நூற்றாண்டில் டொமீஷியன் பேரரசர், நகரின் மையத்தில் ஃபோரத்துக்கு அருகே மிளகுக்கும் பிற வாசனைப் பொருள்களுக்கும் என்றே பெரிய கிடங்கு கட்டினார். அதன் மேல்தான் பிற்பாடு மாக்சென்டியஸ் பேரரசரின் பெரும் மண்டபம் எழுந்தது. ஒரு பவுண்டு கறுப்பு மிளகு 4 தினாரியஸ், வெள்ளை மிளகு 7, திப்பிலி 15 என்று விலை எழுதிவைத்திருக்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று குறைபட்டவரும் அவர்தான். 408இல் கோத் அரசன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது விலகிப்போவதற்குக் கேட்ட பொருள்களில் தங்கத்தோடும் வெள்ளியோடும் 3,000 பவுண்டு மிளகும் இருந்தது.

அந்த மிளகு புறப்பட்ட இடம் நமக்குத் தெரிந்ததுதான். யவனர் கலங்கள் பொன்னோடு வந்து ‘கறி’ எனப்பட்ட மிளகோடு திரும்பிய சேரர் துறைமுகமான முசிறியைப் பற்றி அகநானூறு பேசுகிறது. எகிப்தின் செங்கடல் கரையில், பெரனிகே துறைமுகத்துக் கோயிலில், இந்தியாவில் செய்த ஒரு ஜாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. எதிர்த்திசையில் வந்த ஜாடிகளின் ஓடுகள் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கிடைத்தன. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். வைகை கடலில் சேரும் இடத்தருகே அழகன்குளத்திலும் ரோமானியர் விட்டுச்சென்ற தடயங்கள் உண்டு. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, வழிகாட்டி ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த குழுவுக்குச் சொல்வேன் என்றார்.

கதவு பூட்டிய தெரு

அங்கிருந்து டைபர் ஆற்றங்கரையோடு வடக்கே நடந்தோம். வழியில் தெருக்குழாய்கள். 1874இல் வைக்கத் தொடங்கிய இந்த இரும்புக் குழாய்களில் இரவுபகலாக நல்ல குடிநீர் ஓடுகிறது. நகரம் முழுக்கச் சுமார் 2,500 இருக்கின்றன. குழாயின் மூக்கை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சிறு துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும். குனிந்து வாய் வைத்துக் குடிக்கலாம்.

அரை மணி நடையில் யூதர் பேட்டை வந்தது. 1555இல் போப் நான்காம் பவுல் ஓர் ஆணை பிறப்பித்தார். அதன்படி ரோமின் யூதர்கள் ஆற்றோரத் தாழ்நிலத்தில் மதில் சூழ்ந்த சில தெருக்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். இரவில் கதவைப் பூட்டிவிடுவார்கள். ஆறு பெருகினால் முதலில் மூழ்குவது அவர்கள் வீடுகள். மஞ்சள் அடையாளம் அணிய வேண்டும். நிலம் வாங்கக் கூடாது. பழைய துணி விற்றுப் பிழைக்கலாம். போப்பின் ஆட்சி ரோமில் முடிந்த 1870இல்தான், முந்நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து, இந்தக் கட்டுப்பாடுகள் முழுதாக நீங்கின. இத்தனைக்கும் கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலிருந்தே ரோமில் வாழ்ந்துவருபவர்கள் அவர்கள்.

பேட்டையின் முகப்பில் ஒக்டேவியா மண்டபத்தின் இடிபாடு. பல நூற்றாண்டுகள் அதுதான் நகரத்தின் மீன்சந்தை. அங்கே சுவரில் ஒரு சலவைக்கல் பலகை இருக்கிறது. அந்தக் கல்லின் நீளத்துக்கு மேற்பட்ட மீன் எது விற்றாலும், தலையை முதல் துடுப்பு வரை வெட்டி நகர அதிகாரிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று லத்தீனில் வெட்டியிருக்கிறார்கள். சாறு வைக்கப் பெரிய மீன்தலைதான் ருசி என்று அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எளியவர்களுக்குக் கிடைத்தது சிறுமீன். கசப்புக்கீரையும் ஆஞ்சோவியும் மாற்றி மாற்றி அடுக்கிச் சுடும் யூதர் வீட்டு உணவு அப்படி வந்ததுதான்.

கடைசி நிறுத்தத்தில் ‘கார்ச்சோஃபி அல்லா ஜுதீயா’, யூதர் முறையில் பொரித்த ஆர்ட்டிசோக். காலையில் சந்தையில் பார்த்த அதே மொட்டு. முதலில் மிதமான சூட்டு எண்ணெயில் முழுதாக வேகவிடுகிறார்கள். எடுத்து ஆறவைத்து, தலைகீழாகப் பிடித்து மெல்ல அழுத்தி இதழ்களை விரிக்கிறார்கள். மறுபடி நல்ல கொதி எண்ணெயில் இறக்கி, கையை நனைத்துச் சில துளி தண்ணீர் தெளிக்கிறார்கள். எண்ணெய் சீறி அடங்கும்போது இதழ்கள் மொறுமொறுவென்று பொன்னிறமாகிவிடுகின்றன. உள்ளே அடிப்பகுதி வெண்ணெய்போல இருக்கிறது. உப்பைத் தவிர எதுவும் போடுவதில்லை. 2018இல் இஸ்ரேலின் தலைமை ராபி அலுவலகம், இதழிடுக்கில் பூச்சி இருக்கக்கூடும், முழுதாகப் பொரித்த ஆர்ட்டிசோக் சமய விதிக்கு ஒவ்வாது என்று சொன்னது. ரோமின் யூதர்கள் கேட்கவில்லை. எங்கள் மொட்டு இறுக்கமானது, பூச்சி நுழையாது, இதை எப்படிச் சுத்தம்செய்வது என்று எங்கள் பாட்டிகளுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு அந்த ஆண்டின் பெசா பண்டிகைக்கும் பொரித்துச் சாப்பிட்டார்கள்.

தெருவின் வாசற்படிகளுக்கு முன்னால் பித்தளை பதித்த சிறு கற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். 1943 அக்டோபர் 16ஆம் தேதி நாஜிப் படையினர் இந்தப் பேட்டையைச் சுற்றிவளைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். உயிரோடு திரும்பியவர்கள் 16 பேர். வழிகாட்டி இதைச் சொல்வதற்காகச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே எங்களை அங்கே நிறுத்தினார். எந்தச் சமூகத்தின் கைப்பண்டத்தைச் சாப்பிடப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள் என்றார். அது சரியான வரிசை என்று எனக்குப் பட்டது.

போகிறவர்களுக்கு

ரோமுக்குப் போகிறவர்கள் இப்படி ஒரு நடைக்குப் பொதுவாக ஆளுக்கு 80 முதல் 120 யூரோ ஒதுக்க வேண்டியிருக்கும். அதில் சாப்பாடும் அடக்கம் என்பதால் அன்று மதியம் தனியாகச் செலவில்லை. குழு சிறியதா, வழிகாட்டி உள்ளூர்க்காரரா, எந்தப் பேட்டைக்கு அழைத்துப் போகிறார் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். தெஸ்தாச்சோ சந்தைக்கு ஞாயிறு விடுமுறை. ஆர்ட்டிசோக் வேண்டுமென்றால் பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள், சைவர்கள் முன்கூட்டியே சொன்னால் மாற்று ஏற்பாடு செய்கிறார்கள். ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும்: பெக்கொரினோ ரொமானோவை ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியைக் கொண்டுதான் உறையவைக்கிறார்கள். கண்டிப்பான சைவர்கள் அதைத் தவிர்த்துவிடலாம். அவர்களுக்கு ஆர்ட்டிசோக்கும் வெறும் உப்பும் எண்ணெயும் தடவிச் சுட்ட பிட்சா பியாங்காவும் இருக்கின்றன. காலையில் வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள், காலுக்கு நல்ல செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள், கையில் ஒரு தண்ணீர் பாட்டில் போதும்.

கொலோசியத்தைக் கட்டச் சொன்னவர்களின் பெயர்களைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். கூலியாகக் கிடைத்த வாலையும் குடலையும் விருந்தாக்கிய பெண்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. பூட்டிய கதவுக்குள் ஒரு கசப்பு மொட்டைப் பொன்னாகப் பொரித்தவர்கள் யாரென்றும் தெரியாது. அவர்கள் விட்டுப்போனது சமையல் மட்டும்தான். அதனால் ரோமுக்குப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: கொலோசியத்துக்கு ஒதுக்குகிற அளவு நேரத்தை இந்தப் பேட்டைகளுக்கும் ஒதுக்குங்கள். அவசரப்படாமல் நடங்கள், கேட்டுக் கேட்டுச் சாப்பிடுங்கள்.